டீமேக்கர் வீட்டில் இரண்டு ஆம்ப்ளிபயர்

ஒரே வீட்டில் இரண்டு ஆம்ப்ளிபயர் வைப்பவரைக் கண்டால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு பாவமாக இருக்கும். ஒன்று வைத்தால் பாட்டுக் கேட்கலாம். இரண்டு வைத்தால் ஆம்ப்ளிபயர்களின் சண்டையைத்தான் கேட்க வேண்டும். ஒன்று சத்தமாக இருந்தால் மற்றது முனகும், இரண்டையும் சமமாக்கினால் இரண்டும் சேர்ந்து இரையும். கடைசியில் மெக்கானிக்கின் தலைதான் உருளும்.

பண்டாரவளையில் ரேடியோ, சவுண்ட் செட் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் போன மாதம் வந்திருந்தான். யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று மூன்று பூட்டியிருக்கிறானாம். "மாமா, ஒரே இரைச்சல். என்ன செஞ்சும் போகுதில்ல" என்றான். எந்த வயரை எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகு எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. நமுனுகுல மலைப்பக்கத்து டீமேக்கர் வீடு நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடமாக அதைப் பற்றி யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதுளை பஜாரில் ஹமீது நானாவின் ரேடியோ கடையில் சேர்ந்தேன். கடை கூட்டினேன், வால்வு துடைத்தேன், ஈயம் வைக்கப் பழகினேன், கரண்ட் அடித்து இரண்டு முறை விழுந்து எழுந்தேன். அவ்வளவுதான் என் பட்டமும் பதவியும்.

நானா என்றால் அண்ணன், முஸ்லிம்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். ஆள் குள்ளமான மனிதர். வெள்ளைத் தொப்பி, கோடு போட்ட சாரம், முழங்கை வரை சுருட்டிய சட்டை. கரண்ட் ஓடும் பெட்டிக்குள் வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "ஒரு கை போதும் மருதை. மத்தக் கை வீட்டுக்குப் போகணும்தானே" என்பார் என்னிடம். சிரிக்கமாட்டார், நாம்தான் சிரிக்க வேண்டும்.

வீடுகளுக்குப் போனால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பெட்டியைத் தொடமாட்டார். "பாட்டு கேக்குறது யாரு? எங்க இருந்து கேப்பாங்க?" என்று முதலில் கேட்பார். அந்த இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ரேடியோ திருத்த வந்த மனுஷன் நம் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து தூங்குகிறானே என்று வீட்டுக்காரர் முழிப்பார். எவ்வளவு நேரமானாலும் சரி, பெட்டி ஒழுங்காகப் பேசும் வரை அந்த வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். அவரால் நானும் எத்தனையோ நல்ல தேத்தண்ணீரை ஆறவிட்டிருக்கிறேன்.

பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் வீட்டில் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் இருந்தது. அதோடு புதிதாக ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரையும் சேர்த்து, ஆளுக்கொரு ஸ்பீக்கராக ஹாலின் இரண்டு பக்கமும் வைத்திருந்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் பாட்டு ஜோராகக் கேட்கும். நடுவில் கிடக்கும் அவருடைய கதிரையில் உட்கார்ந்தால் பாடுபவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலிருக்கும். நான் காலையிலேயே போய் இரண்டு பெட்டியையும் பிரித்துப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நானா வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். எழுந்து போய் ஒரு ஸ்பீக்கரின் பின்னால் இருந்த இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பூட்டினார். குரல் நடுக்கதிரைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு தள்ளுற நேரம் மத்தது இழுக்குது. நடுவுல இருக்கிறவருக்கு ஒண்ணும் கிடைக்கல்ல" என்றார். வேலை அவ்வளவுதான். நான் பிரித்துப் போட்டதைத் திரும்பப் பூட்டத்தான் பொழுது போனது.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வீட்டிலும் இதே மாதிரி இரண்டு பெட்டி. அங்கே வேறு நோய், ஓயாத இரைச்சல். இரண்டு ஆம்ப்ளிபயரும் கரண்ட் வழியாகவும் சேர்ந்திருந்தன, பாட்டு வரும் வயர் வழியாகவும் சேர்ந்திருந்தன. நானா அந்த வயரின் மேல்சுற்றுக் கம்பியை ஒரு முனையில் மட்டும் வெட்டிவிட்டார். இரைச்சல் நின்றது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. டீமேக்கர் எங்களைத் தேடி வந்தது அந்தக் காலத்தில்தான்.

எழுபதுகளின் தொடக்கம். பாண் ரொட்டிக்கு வரிசை, சீனிக்கு வரிசை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. ஒரு வால்வு வேண்டுமென்றால் செத்துப்போன ரேடியோவைத்தான் தேட வேண்டும். ஒரு நாள் காலை, மழைக்கோட்டோடு அய்யாதுரை என்பவர் கடைக்குள் வந்தார். நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கர். ஒரு பெரிய தேயிலை ஃபாக்டரியை அதட்டி ஓட்டுகிற ஆள். கடையில் குரல் எழும்பாமல் நின்றார்.

"நானா, என் சம்சாரத்துக்குத் தொண்டையில புத்து. கொழும்புல வெட்டி எடுத்தாங்க. இப்ப மூச்சுதான் வருது, பேச்சு வருதில்ல. பக்கத்துல காத வச்சாத்தான் கேக்கும்."

"பக்கத்துல காத வைக்கலாம்தானே ஐயா" என்றார் நானா.

"நான் வைப்பேன். மகள் வைக்க ஏலாது. அவளை அறைக்குள்ள விட வேணாம்னு பிள்ளையோட அம்மாவே சொல்லிட்டாங்க. கன்னமும் தாடையும் ஒரு பக்கம்… பிள்ளை பார்த்தா பயந்துருவான்னு. பிள்ளைக்கு எட்டு வயசு. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பார்த்த முகம்தான் அவளுக்குத் தெரியும். அதுவே அவளுக்கு இருக்கட்டும்னு சொல்றாங்க."

அவருக்கு வேண்டியது இதுதான். பின்னறையில் படுத்திருக்கும் அம்மா பேசுவது ஹாலில் இருக்கும் மகளுக்குக் கேட்க வேண்டும். மகள் பேசுவது அம்மாவுக்குக் கேட்க வேண்டும். பாட்டுக்கென்று அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் இருந்தது. இன்னொன்று நாங்கள் கொடுக்க வேண்டும்.

நானா கையிலிருந்த வால்வை மேசையில் வைத்தார். பிறகு, "ஐயா, கோபப்பட வேணாம். ஒரு கதவைத் திறந்தா முடியிற வேலை இது. ரெண்டு ஆம்ப்ளிபயர் தேவையில்ல" என்றார்.

"அதை நானும் சொல்லிப் பார்த்துட்டேன் நானா. அம்மா தலையைத் திருப்பிக்கிறாங்க" என்றார் அய்யாதுரை. அவர் கண் கலங்கவில்லை. கலங்கவிடாமல் வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே தெரிந்தது.

அடுத்த நாளே போனோம். ஃபாக்டரிக்கு மேலே மேட்டில் குவார்ட்டர்ஸ். முன்னால் ஹால், பிறகு ஒரு சின்ன நடை, நடையின் கடைசியில் அம்மாவின் அறை. ஹாலுக்கும் நடைக்கும் இடையில் ஒரு கதவு, அறைக்கு ஒரு கதவு. ஃபாக்டரி டைனமோவிலிருந்துதான் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. கீழே கொழுந்து உருட்டும் ரோலர் சுற்றத் தொடங்கினால் லைட் மங்கும், ஆம்ப்ளிபயரும் அழும். அதனால் அம்மாவின் மைக்குக்கு, கூட்டங்களுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரைக் கார் பேட்டரியில் பூட்டினோம். இரைச்சல் அந்த வழியால் வராது. அந்த மைக்கின் ஸ்பீக்கர் ஹாலில். மகளுக்கு ஹாலில் ஒரு மைக், அது பழைய வால்வு ஆம்ப்ளிபயருக்குப் போய், அதன் ஸ்பீக்கர் அம்மாவின் அறையில்.

இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன். வீடே ஊளையிட்டது. இந்த மைக் எடுப்பதை அந்த ஸ்பீக்கர் கொடுக்கிறது, அந்த ஸ்பீக்கர் கொடுப்பதை மற்ற மைக் எடுத்துத் திரும்ப இங்கே அனுப்புகிறது. சுற்றிச் சுற்றி வந்து ஒரே கூச்சல். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள். நாய் வெளியே ஓடியது.

அந்த ஊளைக்கு வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்க வேண்டும். அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறு பக்கம் என்று ஒரு பொத்தான் செய்தேன். அந்தப் பொத்தான் யார் கையில் இருப்பது என்றுதான் பிரச்சினை வந்தது. அய்யாதுரை ஹாலில் தன் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அம்மா களைத்துவிடுவார், பேச்சை அளந்து விட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"அம்மாட்ட கேட்டீங்களா ஐயா?" என்றார் நானா.

அவர் கேட்டிருக்கவில்லை. நானா நடையைத் தாண்டிப் போய் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே போகவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தங்கச்சி, இந்தப் பொத்தான் ஒங்கட கையில இருக்கட்டுமா, ஐயாட கையிலயா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்த பார்வதி அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார். பொத்தானை அந்தக் கையில்தான் கொடுத்தேன்.

முதல் பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா அழுத்தினார். ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு பெரிய மூச்சு, அதற்குள் வார்த்தை. "சரோ… சாப்புட்டியா?"

மகள் சரோஜா இரண்டு அடி பின்னால் போனாள். "இது எங்கம்மா கொரலு இல்ல" என்றாள். அய்யாதுரையின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. நான் சத்தத் திருகியைக் குறைத்தேன், கூட்டினேன். அந்தக் குரலை என்ன செய்து அவளுடைய பழைய அம்மாவின் குரலாக்குவது? அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பொத்தான் திரும்ப அழுந்தியது.

"எடது பக்கச் சடை… அவுந்திருக்கும். அப்பாவுக்கு… இறுக்கிக் கட்டத் தெரியாது."

பிள்ளை கையை மெல்ல உயர்த்தி இடது சடையைத் தொட்டாள். அது அவிழ்ந்துதான் இருந்தது. ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் அதன் துணி முகப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நல்ல காலம் கொஞ்சம் நடந்தது என்றே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சரோஜா ஹாலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வாள். தப்பாகச் சொன்னால் பெட்டி திருத்தும். நாய் குட்டி போட்டதும் வகுப்பில் எவனோ விழுந்ததும் எல்லாம் அம்மாவுக்குப் போகும். பேட்டரி மாற்ற நான் போகும்போதெல்லாம், "ரேடியோ மாமா, அம்மா இன்னைக்குச் சிரிச்சாங்க, கேட்டுச்சு" என்பாள். இரண்டு கதவும் மூடியே இருந்தன. மூடியிருந்தால்தான் ஹாலின் ஸ்பீக்கர் சத்தம் அறை மைக்குக்குப் போகாது. அதனால் அந்தக் கதவுகளை மூடி வைக்கச் சொன்னவர்களில் நாங்களும் சேர்ந்துவிட்டோம். நானாவுக்கு அது பிடிக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பார்வதி அம்மாவின் மூச்சு மெலிந்துகொண்டே போனது. ஒவ்வொரு முறை போகும்போதும் ஆம்ப்ளிபயரைக் கொஞ்சம் கூட்டச் சொல்வார் அய்யாதுரை. அது முடிகிற எல்லைக்கு வந்தபோது, மைக்குக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் இன்னொரு சின்ன ஆம்ப்ளிபயரைச் செருகினேன். இப்போது குரலோடு எல்லாம் பெருத்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் வளையல் குலுங்கினால் ஹாலில் தட்டுமுட்டுச் சாமான் விழுவது போலிருக்கும். தலையணை உரசினால் மழை பெய்யும்.

"நானா, இன்னொண்ணு போட்டா?" என்று கேட்டேன்.

"பெட்டி புதுசா ஒண்ணும் செய்யாது மருதை. உள்ளதைத்தான் பெருசாக்கும். அங்க உள்ளது கொறையுது" என்றார்.

பிறகு பொத்தானை அழுத்த அம்மாவின் விரலுக்குப் பலம் இல்லாமல் போனது, அதை வேறு கைக்குக் கொடுக்கவும் அவர் விடவில்லை. இனி ஏதாவது ஒரு பக்கத்தை நிரந்தரமாகத் திறந்துவிட வேண்டும். ஒன்று, மகள் பேசுவது அம்மாவுக்குக் கேட்கும். அல்லது அம்மாவின் மூச்சு மகளுக்குக் கேட்கும். இரண்டும் ஒன்றாகக் கிடையாது. அம்மாவிடம் கேட்டபோது காதைத் தொட்டுக் காட்டினாராம். பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று அர்த்தம். அப்படியே விட்டோம். சரோஜா சில நாள் பேசினாள். பதில் வராத பெட்டியிடம் எட்டு வயசுப் பிள்ளை எவ்வளவுதான் பேசும்? அவள் பேச்சும் நின்றுபோனது. கடைசியில் அப்பாவிடம், "அம்மா பேச வேணாம். மூச்சு விடுறது கேட்டாப் போதும்" என்று அழுதிருக்கிறாள். அய்யாதுரை ஃபாக்டரியிலிருந்து பதுளைக்கு ஃபோன் பண்ணினார். அம்மாவும் சம்மதமாகத் தலையசைத்துவிட்டார் என்றார்.

நானும் நானாவும் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கீழே அன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற சத்தம் கேட்டது. நான் ஹாலில் சரோஜாவுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்தேன். நானா அறைக்குப் போனார், இந்த முறை உள்ளேயே போனார். மைக்கை அம்மாவின் வாய்க்குக் கிட்டப் பிடிக்க வேண்டியிருந்தது. அய்யாதுரை கட்டிலருகே இருந்தார். கதவுகளை மூடிக்கொண்டார்கள். நான் மகளின் மைக்கைத் துண்டித்து, அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. திருகியைக் கூட்டினேன். வந்தது. நீளமாக ஒரு மூச்சு, பிறகு இடைவெளி, பிறகு இன்னொரு மூச்சு. சரோஜா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ எழுதத் தொடங்கினாள். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் எப்படித் தங்கள்பாட்டுக்கு வேலை செய்வார்களோ, அப்படி.

இடைவெளி நீண்டது. ஒரு மூச்சு வந்தது. திரும்ப இடைவெளி. நான் காத்திருந்தேன். வயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், நம் புத்தி அந்த வழிக்குத்தான் பழகியிருக்கிறது. திருகியைக் கடைசி வரை முறுக்கினேன்.

அப்போது ஸ்பீக்கரில் நானாவின் குரல் வந்தது. மவுத்துச் செய்தி, சாவுச் செய்தி, கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் அரபு வாக்கியம். வாய்க்குள் முணுமுணுத்திருப்பார். ஹாலில் அது பள்ளிவாசல் பாங்கு போலக் கேட்டது.

"நானா என்ன சொல்றாரு மாமா?" என்று கேட்டாள் சரோஜா.

எனக்குத் தெரியும். பதுளையில் அத்தனை வருடம் அவரோடு இருந்தவனுக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது?

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அடுத்ததாக அய்யாதுரையின் அழுகை வந்தது. யார் முன்னாலும் அழாத மனிதர். அந்த மூடிய அறைக்குள் யாருக்கும் கேட்காதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார். ஒரு உயிர் போகிற மூச்சைப் பிடிக்க வைத்திருந்த பெட்டி அதை வீடு முழுக்கக் கொட்டியது. என் கை திருகிக்குப் போனது. சரோஜா இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குறைக்க விடவில்லை. கண்ணை அகல விழித்து, அப்பா அழுவதை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கையை விட்டுவிட்டு ஓடினாள்.

நடைக்கதவு அடித்துத் திறந்தது. அறைக்கதவும் திறந்தது. நான் பெட்டிக்கு முன்னாலேயே இருந்தேன். ஸ்பீக்கரில் அய்யாதுரையின் அழுகை அடங்கியது. பிறகு, என் பக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்த பிள்ளையின் குரல், முதல் தடவையாக அந்த அறையிலிருந்து வந்தது.

"அம்மா மொகம் நல்லாத்தானே இருக்கு. ஏன் அப்பா என்னைய விடல?"

அவள் திரும்பவும் அதையே கேட்டாள். கதவுகள் திறந்து கிடந்ததால் ஹாலின் சத்தம் அறை மைக்குக்குப் போய்ப் பெட்டி மெல்ல ஊளையிடத் தொடங்கியது. நான் எல்லாவற்றையும் அணைத்தேன். அணைத்த பிறகும் அவள் கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.